ரேஸுக்குப் போகும் கிழட்டு இன்ஜின்

பத்தடி நீளமே உள்ள ஒரு குட்டிக் கார், 7 லிட்டர் வி8 இன்ஜின் பூட்டிய அமெரிக்க ஃபோர்டு கேலக்ஸியை வளைவுக்கு வளைவு விரட்டுகிறது. நேர்ச்சாலை வந்தால் கேலக்ஸி முழங்கிக்கொண்டு ஓடிவிடும். பிரேக் பிடிக்கவேண்டிய இடம் வந்ததும் குட்டிக் கார் மறுபடி அதன் பம்பரோடு ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்தின் குட்வுட் தடத்தில், பழைய கார்களுக்காக நடக்கும் செயின்ட் மேரிஸ் டிராபி பந்தயத்தில் இது பார்த்துப் பழகிய காட்சி. 1948 முதல் 1966 வரை பந்தயம் நடந்து, பிறகு நின்றுபோய், 1998-ல் அந்தக் காலத்துக் கார்களோடேயே மறுபடி உயிர்பெற்ற தடம் அது.

அந்தக் குட்டிக் கார் மினி கூப்பர் எஸ். அதன் பானட்டுக்குள் இருப்பது 1,300 சி.சி.யைத் தொடாத இன்ஜின். வடிவமைப்பு பிறந்தது 1951-ல். ஏ சீரிஸ் என்று பெயர். ஆஸ்டின் ஏ30 காரில் முதலில் வந்தபோது அதன் கொள்ளளவு 803 சி.சி., திறன் 28 குதிரை. டாக்டர் கேஸ் பார்க்கப் போகவும், வாத்தியார் பள்ளிக்கூடம் போகவும் செய்த இன்ஜின். 1959-ல் அலெக் இசிகோனிஸ் அதைக் குறுக்குவாட்டில் திருப்பி, கியர்பாக்ஸை அதன் காலடியிலேயே, ஆயில் சம்ப்புக்குள் வைத்து மினியை உருவாக்கினார். ஃபார்முலா ஒன் கார் கட்டிக்கொண்டிருந்த ஜான் கூப்பர் அந்தக் காரை ஓட்டிப் பார்த்து, இதில் சரக்கு இருக்கிறது என்று கண்டுகொண்டார். 1961-ல் 997 சி.சி., 55 குதிரைத்திறன். 1963-ல் 1,071 சி.சி.யில் ‘எஸ்’. 1964-ல் 1,275 சி.சி., 76 குதிரைத்திறன். மான்டி கார்லோ ராலியை 1964, 1965, 1967 என மூன்று முறை ஜெயித்தது. 1966-லும் முதலில் வந்ததுதான். ஹெட்லைட் பல்பு விதிக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லித் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். அதே 1966-ல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தில் முதல் ஒன்பது இடங்களையும் மினியே அள்ளியது.

நம்மூருக்கு இந்த இன்ஜின் அந்நியமில்லை. பல பத்தாண்டுகள் நம் ரோட்டில் ஓடிய அம்பாசிடரின் 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், ஏ சீரிஸைச் செய்த அதே பி.எம்.சி. கம்பெனியின் பி சீரிஸ். ஏ சீரிஸுக்கு அண்ணன். மூன்று மெயின் பேரிங், புஷ் ராட், ஒரே பக்கத்தில் இரண்டு இன்லெட் வழி, மூன்று எக்ஸாஸ்ட் வழி. எல்லாம் அதே தினுசு. அம்பாசிடர் ஹெட்டை இறக்கி ஏற்றிய மெக்கானிக்குக்கு மினி ஹெட்டைக் கையில் கொடுத்தால் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்த இன்ஜினை ட்ராக்குக்குத் தயார் செய்வது என்றதும் முதலில் எல்லோரும் பேசுவது கார்பரேட்டரைப் பற்றி. பெரிய வெபர் வைக்கலாமா, எந்த கேம் ஷாஃப்ட் போடலாம், எக்ஸாஸ்ட் சத்தம் எப்படி இருக்கும்? ஆசை அங்கேதான் போகும்; பணமும் அங்கேதான் போகும். என் கட்சி வேறு. ட்ராக் இன்ஜினின் பாதி வெற்றி கிராங்க் ஷாஃப்டிலும் கனெக்டிங் ராடிலும் ஆயிலிலும் இருக்கிறது. மீதிப் பாதியில் பெரும்பங்கு மைக்ரோமீட்டரில். கார்பரேட்டர் கடைசியில்தான் வரவேண்டும்.

ஒன்றேகால் டன் இழுவை

ரோட்டில் எவ்வளவு வேகமாக ஓட்டுபவரும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிப்பது சில விநாடிகள்தான். முன்னால் ஒரு லாரி வரும், ஒரு ஸ்பீட் பிரேக்கர் வரும், இன்ஜின் மூச்சு விட்டுக்கொள்ளும். ட்ராக்கில் அந்த ஓய்வு கிடையாது. இருபது நிமிடம் 5,500-க்கும் 7,500-க்கும் நடுவிலேயே சுழன்றுகொண்டிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கொடுமை புரியும்.

1,275 இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 81.3 மி.மீ. நிமிடத்துக்கு 7,500 சுற்று என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 20 மீட்டருக்குச் சற்று மேல். அது பெரிதில்லை. உச்சிக்குப் போய் நின்று திரும்பும் அந்தக் கணம்தான் பெரிது. அங்கே பிஸ்டன் மீது விழும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 3,250 மடங்கு. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த 400 கிராம் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலே இழுக்கும் விசை 1,300 கிலோ எடைக்குச் சமம். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் வாயு அழுத்தம் மேலிருந்து தாங்கிப்பிடிக்கும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் தாங்க ஒன்றுமில்லை. மொத்த இழுவையும் ராடின் கீழ்மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட் மீதுதான். 7,500-ல் இது விநாடிக்கு 62 முறை நடக்கிறது. அதுவும் நான்கு சிலிண்டரிலும் தனித்தனியாக.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த விசை சுழற்சியின் இருமடியில் ஏறுகிறது. 5,500 சுற்றில் 700 கிலோவாக இருப்பது 7,500-ல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது. ‘இன்னும் ஐந்நூறு ஆர்.பி.எம். தானே’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம். ரேஸ் இன்ஜின்கள் பெரும்பாலும் சாவது ராட் போல்ட் அறுந்து, ராட் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துதான். அதன் பிறகு எந்தக் கார்பரேட்டர் மேலே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பிரிப்பதிலேயே பாதித் தகவல்

வாங்கி வந்த பழைய இன்ஜினை அவசரமாகக் கழற்றிக் கழுவிவிடக் கூடாது. அழுக்கோடு இருக்கும்போதே அது நிறையச் சொல்லும். பேரிங் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, மூன்று மெயினில் நடுவில் இருப்பது மட்டும் அதிகம் தின்றிருக்கிறதா, பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் உரசியிருக்கிறதா, எந்த வால்வு வெளுத்திருக்கிறது? இதையெல்லாம் பார்த்து, படம் எடுத்து, எந்த மூடி எந்த இடத்தில் இருந்தது என்று எண் போட்ட பிறகுதான் டீசல் வாளி வரவேண்டும். மெயின் மூடிகளை மாற்றிப் போட்டால் பிளாக்கே வீண். அவற்றைப் பூட்டிவைத்துத்தான் ஃபேக்டரியில் துளை போட்டிருப்பார்கள்.

கழுவுவதிலும் ஒரு வேலை இருக்கிறது. பிளாக்குக்குள் ஆயில் ஓடும் நீளமான துளைகளின் முனைகளைப் பித்தளை அடைப்பால் மூடியிருப்பார்கள். அந்த அடைப்பை எடுக்காமல் கழுவினால், அறுபது ஆண்டு அழுக்கு அந்த மூலையில் அப்படியே உட்கார்ந்திருக்கும். போரிங், ஹோனிங் செய்த இரும்புத்தூளும் அங்கேதான் போய்ச் சேரும். புது பேரிங்கோடு ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் அது வெளியே வரும். ஆகவே அடைப்புகளை எடுத்து, நீண்ட பிரஷ் விட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றடித்து, புது அடைப்பு போட்டு மூடவேண்டும். சிலிண்டரை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே திரும்பும்வரை இந்த வேலை முடிந்ததாகாது.

அடுத்தது விரிசல் பார்ப்பது. கிராங்க், ராட், இரும்பு ஹெட் எல்லாவற்றையும் காந்தமாக்கி, இரும்புத்தூள் கலந்த திரவம் ஊற்றிப் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் தூள் கோடாகத் திரளும். கூப்பர் எஸ் கிராங்க்குக்கு ஈ.என்.40பி என்ற எஃகு; மேற்பரப்பை நைட்ரஜனில் கடினப்படுத்தியது. அசல் கிராங்க் கிடைத்தால் அது தங்கம். அண்டர்சைஸாக அரைத்தால் கடினமான மேல்தோல் மெலிந்துவிடும். மறுபடி நைட்ரைடிங் செய்யவேண்டியிருக்கும்.

பிளாக்கை எவ்வளவு போர் பண்ணலாம் என்பது, எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சர்வதேசப் பழங்கார் பந்தய விதிப்படி 1,300 சி.சி. பிரிவுக்குள் நிற்கவேண்டுமானால் 70.6 மி.மீ. சிலிண்டரை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி 1,293 சி.சி.யோடு நிறுத்திக்கொள்வார்கள். விதி ஏதும் இல்லாத ட்ராக் டே காருக்கு 73.5 மி.மீ. வரை போய் 1,380 சி.சி. ஆக்குபவர்களும் உண்டு. ஆனால் கூப்பர் எஸ் பிளாக்கில் பெரிய சிலிண்டருக்கு இடம் பண்ணவே சிலிண்டர்களின் இடத்தை நகர்த்தி அமைத்திருக்கிறார்கள். நடுவே அதிகம் இடம் மிச்சமில்லை. வார்ப்பில் அச்சு சற்று நகர்ந்திருந்தால் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். அல்ட்ராசோனிக் கருவி வைத்துச் சுவரின் கனத்தை அளக்காமல் 73.5-க்குப் போவது சூதாட்டம். என்னைக் கேட்டால் 1,293 போதும். எண்பத்தேழு சி.சி. கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கிடைப்பதற்கரிய பிளாக்கைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமாகப் படவில்லை.

அளவு, அளவு, மறுபடி அளவு

போரிங் கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

“அண்ணே, கார்பரேட்டர் ஒண்ணு பெருசா பாத்து வச்சிருக்கேன்.”

“அத அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. மொதல்ல பிஸ்டனக் கொண்டா. பிஸ்டன் கைக்கு வராம நான் போர் பண்ண மாட்டேன்.”

பெரியவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஓவர்சைஸ் என்று பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவை நம்பிப் போர் பண்ணக்கூடாது. நான்கு பிஸ்டனையும் தனித்தனியே அளந்து, அதற்கேற்ப நான்கு சிலிண்டரையும் தனித்தனியே முடிக்கவேண்டும். ரேஸுக்கு என்றால் இன்னொரு படியும் உண்டு. ஹெட் போல்ட்களை முறுக்கினால் பிளாக்கின் மேற்பகுதி இழுபட்டு, வட்டமான சிலிண்டர் கொஞ்சம் வட்டம் கெடும். அதனால் ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த இரும்புத் தட்டு ஒன்றைப் பிளாக்கில் பூட்டி, அதே டார்க் கொடுத்து முறுக்கி, அந்த இழுவையோடேயே ஹோனிங் செய்வார்கள். தட்டைக் கழற்றினால் வட்டம் கெடும். ஹெட்டைப் பூட்டினால் மறுபடி வட்டமாகும்.

பேரிங் இடைவெளிக்குப் பழைய வாய்பாடு ஒன்று உண்டு. ஜர்னல் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம். ஏ சீரிஸ் 1,275 மெயின் ஜர்னல் இரண்டு அங்குலம். ஆகவே இடைவெளி ஆயிரத்தில் இரண்டு, அதாவது 0.05 மி.மீ. தலைமுடியின் கனத்துக்குள் அடங்கிவிடும். இந்த இடைவெளியில் நிற்கும் ஆயில் படலம்தான் கிராங்கைத் தாங்குகிறது. குறைந்தால் படலம் அறுந்து பேரிங் பிடிக்கும்; கூடினால் ஆயில் பக்கவாட்டில் ஒழுகி அழுத்தம் விழும். மைக்ரோமீட்டராலும் போர் கேஜாலும் அளந்த பிறகு, மெழுகு இழை வைத்து மூடியை முறுக்கி, நசுங்கிய அகலத்தைப் பார்த்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு ஏன் என்று தேடவேண்டும்.

இந்த இன்ஜினுக்கே உரிய பலவீனம், நான்கு சிலிண்டருக்கு மூன்றே மெயின் பேரிங். வேகம் ஏற ஏற கிராங்க்கின் நடுப்பகுதி வில்லாக வளையப் பார்க்கும். நடு மூடிக்கு மேல் எஃகுப் பட்டை ஒன்றைக் கொடுத்தோ, மூடியையே எஃகில் செய்து போட்டோ அதைக் கட்டுப்படுத்துவார்கள். கூடவே பேலன்ஸிங். ராடுகளின் எடை மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது. ராடின் இரு முனைகளையும் தனித்தனியே நிறுத்து, சிறிய முனை சிறிய முனையோடும் பெரிய முனை பெரிய முனையோடும் ஒத்துப்போக வேண்டும். ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைப்பது வழக்கம்தான், ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலைக் கடைந்து 7,500-ல் சுற்றுவது தற்கொலைக்குச் சமம். அது வெடித்தால் டிரைவரின் கால்பக்கமாகத்தான் வரும். எஃகு ஃப்ளைவீல் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ராட் போல்ட்டுக்கு வருவோம். டார்க் ரெஞ்சில் ‘க்ளிக்’ சத்தம் கேட்டதும் முடிந்தது என்று நினைப்பது ரோடு காருக்குப் போதும். அந்த டார்க்கில் பெரும்பங்கு புரியின் உராய்விலும் தலையின் உராய்விலும் போய்விடுகிறது. போல்ட்டில் எவ்வளவு இழுவை ஏறியது என்று ரெஞ்சுக்குத் தெரியாது. போல்ட் ஒரு ஸ்பிரிங். முறுக்கும்போது நீளும்; அந்த நீட்சிதான் மூடியை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் ரேஸ் இன்ஜினில் முறுக்குவதற்கு முன்னும் பின்னும் போல்ட்டின் நீளத்தை அளந்து, தயாரிப்பாளர் சொன்ன நீட்சி வந்ததா என்று பார்ப்பார்கள். எட்டு போல்ட், எட்டுக்கும் இரண்டு அளவு; நோட்டில் எழுதிவைப்பது கட்டாயம். இந்த நோட்டுக்குப் பின்னால் ஒரு உபயோகம் இருக்கிறது.

பூட்டும்போது ஒவ்வொரு கட்டத்திலும் கிராங்கைக் கையால் சுற்றிப்பார்க்க வேண்டும். மூன்று மெயினும் பூட்டியாயிற்றா? விரலால் தள்ளினால் சுற்றவேண்டும். முதல் பிஸ்டன் இறக்கியதும் கொஞ்சம் கனக்கும். இரண்டாவது இறக்கினால் அதே அளவு கனம் கூடவேண்டும். மூன்றாவதில் திடீரென்று இறுகினால் சிக்கல் மூன்றாவதில்தான், அங்கேயே பார்த்துவிடலாம். நான்கையும் போட்டு முடித்துவிட்டு இறுக்கத்தைக் கண்டுபிடிப்பவர் எல்லாவற்றையும் மறுபடி கழற்றுவார்.

ஐந்து வழி ஹெட்

இந்த இன்ஜினின் ஹெட்டில், ஹெட் வடிவமைப்பில் பேர்பெற்ற ஹாரி வெஸ்லேக்கின் கைவண்ணம் இருக்கிறது. எரியறை இதய வடிவில் இருக்கும். நான்கு சிலிண்டருக்கு இன்லெட் வழி இரண்டுதான்: 1-க்கும் 2-க்கும் ஒன்று, 3-க்கும் 4-க்கும் ஒன்று. எரியும் வரிசை 1-3-4-2. அப்படியானால் ஒரு வழியில் 2 உறிஞ்சி முடிப்பதற்குள் 1 உறிஞ்ச ஆரம்பிக்கிறது. மறுவழியில் 3-ஐத் தொடர்ந்து 4. பிறகு நெடுநேரம் அந்த வழி சும்மா இருக்கும். ரேஸ் கேம் ஷாஃப்டில் வால்வு அதிக நேரம் திறந்தே இருப்பதால் இந்தப் பங்காளிச் சண்டை இன்னும் மோசமாகும். முந்தியவனின் பங்கைப் பிந்தியவன் பிடுங்கிக்கொள்வான். அதனால்தான் மினி ரேஸ் இன்ஜினில் நான்கு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் நான்கும் ஒரே நிறத்தில் இருப்பது அபூர்வம். ஜெட் மாற்றி ட்யூன் செய்பவர் நான்கில் எது வறண்டு ஓடுகிறதோ அதைக் காப்பாற்றும் அளவுக்கு வைத்துவிட்டு, மற்றவை கொஞ்சம் ரிச்சாக இருந்தால் இருக்கட்டும் என்று விடுவார்.

இத்தனை குறையோடும் இந்த ஹெட்டிலிருந்து திறனைக் கறந்த மேதைகள் இருந்தார்கள். அறுபதுகளில் டவுன்டன் இன்ஜினியரிங்கின் டேனியல் ரிச்மண்ட் பெயர் மினிக்காரர்கள் நடுவே மந்திரம்போல் ஒலித்தது. டேவிட் விசார்ட் இந்த ஒரு இன்ஜினைப் பற்றி மட்டுமே தடித்த புத்தகம் எழுதினார். இருவர் வழியிலும் சாரம் ஒன்றுதான்: வழியைப் பெரிதாக்குவது வேலையல்ல, காற்று திரும்பும் இடத்தைச் சரிசெய்வதே வேலை. கிரைண்டரைக் கையில் எடுத்தவர்கள் பெரும்பாலும் போர்ட்டின் வாயைக் குடைந்து பளபளப்பாக்கிவிட்டு, வால்வு சீட்டுக்கு அடியில் உள்ள வளைவைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். பலன் அங்கேதான் இருக்கிறது. சீட்டை ஒரே கோணத்தில் வெட்டாமல் மூன்று கோணத்தில் வெட்டுவதும் அதற்காகத்தான்.

ஹெட் தேடுபவர்கள் 12ஜி940 என்ற வார்ப்பு எண்ணைத் தேடுவார்கள். பெரிய வால்வு போட்ட கூப்பர் எஸ் ஹெட்களில் இன்லெட், எக்ஸாஸ்ட் சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பாலத்தில் விரிசல் விழுவது பழைய நோய். எக்ஸாஸ்ட் வால்வைச் சிறிதாக்கித்தான் அதைத் தணித்தார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் போய்விட்டதால் கடினமான எக்ஸாஸ்ட் சீட் வளையம் போடுவதும் இன்று கட்டாயம்.

கம்ப்ரஷனைக் கணக்கிட ஹெட்டைத் தலைகீழாக மேஜையில் வைத்து, ப்ளக்கையும் வால்வையும் போட்டு, துளையிட்ட கண்ணாடித் தகட்டை மேலே கிரீஸ் வைத்து ஒட்டி, பள்ளி ஆய்வகத்து ப்யூரெட்டால் மண்ணெண்ணெய் விடுவார்கள். தகட்டுக்கு அடியில் கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறியதும் அளவைப் படிக்கவேண்டும். இந்த ஹெட்டின் எரியறை ஏறக்குறைய 21.4 சி.சி. வரும். 1,293 இன்ஜினில் ஒரு சிலிண்டர் 323 சி.சி.; 11-க்கு 1 கம்ப்ரஷன் வேண்டுமானால் பிஸ்டன் உச்சியில் மிஞ்சும் மொத்த இடம் 32.3 சி.சி. எரியறை போக மீதி 11 சி.சி. கேஸ்கெட் கனத்திலும் பிஸ்டன் குழியிலும் பிளாக்கின் உயரத்திலும் பிரிந்து கிடக்கவேண்டும். நான்கு எரியறையும் ஒரே அளவு வரும்வரை சுரண்டுவதும் அளப்பதுமாக ஒரு நாள் போகும். எந்த பெட்ரோல் கிடைக்கும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு இந்தக் கணக்குக்கு உட்காரவேண்டும்.

கேம் ஷாஃப்ட்டில் அந்தக் காலத்து பி.எம்.சி. ரேஸ் கேம் 649 இன்றும் பேசப்படுகிறது. எந்த கேம் போட்டாலும் டைமிங் செயின் சக்கரத்திலுள்ள புள்ளிகளை நேராக வைத்துவிட்டால் போதும் என்று நம்பக்கூடாது; சாவிக்காடி அரை டிகிரி தள்ளியிருந்தாலும் கணக்கு மாறிவிடும். டிகிரி தட்டைக் கிராங்க்கில் மாட்டி, முதலில் பிஸ்டனின் உச்சிப் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். உச்சியில் பிஸ்டன் சில டிகிரிக்கு நகராமலே நிற்பதுபோல் இருக்கும், ஆகவே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிஸ்டன் பாதை நடுவே ஒரு தடை போல்ட் வைத்து, ஒரு பக்கம் சுற்றி இடிக்கும் இடத்தைக் குறித்து, மறுபக்கம் சுற்றி இடிக்கும் இடத்தையும் குறித்தால், இரண்டுக்கும் சரியான நடுவே இருப்பதுதான் உச்சி. அதற்குப் பிறகு இன்லெட் வால்வு முழுக்கத் திறக்கும் கோணத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்து, கேம் தயாரிப்பாளர் சொன்ன எண்ணுக்குக் கொண்டுவரவேண்டும். லிஃப்ட் அதிகமான கேமோடு 1.5 விகித ராக்கரும் போட்டிருந்தால் வால்வு எங்காவது இடிக்கிறதா என்று களிமண் வைத்துச் சுற்றிப் பார்ப்பது நல்லது.

கார்பரேட்டர்? இரட்டை எஸ்.யு. போதும், கிடைத்தால் வெபர் 45. வெபர் வைத்தால் டேஷ்போர்டுக்கு முன்னாலுள்ள தகட்டை வெட்டவேண்டியிருக்கும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஒரே ஆயில், இரண்டு வேலை

மினியின் தனிச்சிக்கல் ஆயில். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைக் குடிக்கின்றன. கியர் பற்கள் அதை அரைத்து நீர்க்கச் செய்யும். பற்களிலிருந்து உதிரும் இரும்புத்தூள் நேராக பேரிங்குக்குப் போகப் பார்க்கும். காந்தம் வைத்த ட்ரெயின் ப்ளக் அதற்குத்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதைக் கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. சாம்பல் பசை ஒட்டியிருந்தால் வழக்கம். துண்டு துணுக்கு இருந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

குட்வுட்டின் முதல் வளைவு மேட்ஜ்விக். நீண்டு போய்க்கொண்டே இருக்கும் வலது வளைவு. காரின் மொத்த ஆயிலும் சம்ப்பின் ஒரு பக்கம் ஏறி நிற்க, உறிஞ்சுகுழாயின் வாய் காற்றைக் குடித்தால் ஆயில் பிரஷர் முள் ஒரு கணம் விழும். 7,000 சுற்றில் அந்த ஒரு கணம் ஒரு பேரிங்கின் விலை. பந்தய மினிகளில் உறிஞ்சுகுழாயைச் சம்ப்பின் நடுவுக்குக் கொண்டுவருவார்கள். ஆயில் சிதறாமல் தடுக்கும் தகடும், ஆயில் கூலரும் உண்டு. சூடான பிறகு 60 பி.எஸ்.ஐ. நின்றால் நிம்மதி. இன்னொரு பக்கமும் இருக்கிறது: தண்ணீர் முள் ஏறிவிட்டது என்று ஆயில் சூடாகும் முன் விரட்டுவது. தண்ணீர் ஐந்து நிமிடத்தில் சூடாகும், ஆயில் ஆகாது.

ஆயில் தேர்வில் கஞ்சத்தனம் கூடாது. 20டபிள்யூ-50 வகை, அதிலும் துத்தநாகமும் பாஸ்பரஸும் போதிய அளவு உள்ளது வேண்டும். கேம் ஷாஃப்ட்டின் முகடு நேராக டப்பெட் மீது உரசும் பழைய அமைப்பு இது; இன்றைய கார்களுக்கான ஆயிலில் அந்தச் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள். புதுக் கேமுக்கு முதல் இருபது நிமிடம்தான் ஜாதகம். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 சுற்றிலும் அதற்குச் சற்று மேலுமாக இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். ஐடிலில் கேமுக்குத் தெறிக்கும் ஆயில் போதாது. ஸ்பிரிங் அழுத்தத்தில் முகடு வழித்துக்கொண்டு போய்விடும். ஆகவே முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே பெட்ரோல், தண்ணீர், இக்னிஷன் டைமிங் எல்லாம் தயாராக இருக்கவேண்டும். ‘க்ராங்க் பண்ணிப் பண்ணிப் பார்ப்போம்’ என்பது இந்த இன்ஜினுக்கு ஆகாது.

அதற்குப் பிறகு, காரை உருளைகள் மீது ஓடவிட்டுத் திறனை அளக்கும் ரோலிங் ரோடு. முழு சுழற்சியில் இக்னிஷன் அட்வான்ஸ் 30 டிகிரிக்கு அக்கம்பக்கம் நின்று, எங்கும் நாக்கிங் இல்லாமல் இருந்தால், 76 குதிரையோடு பிறந்த இன்ஜின் 120-ஐத் தாண்டிக் காட்டும். அந்த அளவு அச்சான தாளை மடித்து வைத்துக்கொண்டு, கடைசிச் சில குதிரைகளை ரெவ் லிமிட்டரிடம் விட்டுக்கொடுப்பவர்தான் பந்தயத்தின் கடைசிச் சுற்றையும் ஓட்டுகிறார்.

நம்மூரில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் போய், 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் இருக்கிறது. கோவையிலும் சென்னையிலும் நல்ல போரிங் கடைகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் பஞ்சமில்லை. அம்பாசிடரோ, பத்மினியோ, பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, எதை எடுத்தாலும் மேலே சொன்ன வரிசை மாறாது: விரிசல் பார்ப்பது, அளப்பது, கீழ்ப்பாதி, ஆயில், பிறகு ஹெட், கடைசியில் கார்பரேட்டர். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களை அரித்துவிடும் என்பதால் அவற்றை மாற்றிவிட்டு, கலவை வறண்டு போகாமல் ஜெட்டையும் ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

முதல் சீசன் முடிந்ததும் இன்ஜின் நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிடாமல் சம்ப்பை இறக்குங்கள். அந்த எட்டு ராட் போல்ட்களையும் தளர்த்தி, நோட்டில் எழுதிவைத்த பழைய நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முறுக்காத நிலையில் ஏதாவது ஒன்று ஆயிரத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தால், எட்டையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.